உதிரிக் கணினியில் ஹைக்கு நைட்லி, ஃப்ரீபிஎஸ்டி கரன்ட்: சோதனைக்கு எப்படி அமைப்பது?

வெட்டாறு:
வணக்கம். அலுவலகத்தில் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 2012 மாடல், ஐ5-3470, 8 ஜிபி டிடிஆர்3, சின்னப் பெட்டி. இதை முழுக்க முழுக்கச் சோதனைக்கே ஒதுக்கப்போகிறேன். ஹைக்கு இயங்குதளத்தின் (ஓஎஸ்) நைட்லி பில்டும் (அன்றாடம் கட்டப்படும் சோதனைப் பதிப்பு) ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் கரன்ட் கிளையும் (வளர்ச்சியில் இருக்கும் பதிப்பு) ஓட்டிப் பார்த்து, வழு கண்டால் உருப்படியாகப் புகார் எழுத வேண்டும் என்பதுதான் நோக்கம். தினசரி வேலைக்கு வேறு மடிக்கணினி இருக்கிறது, அதில் டெபியன் லினக்ஸ்.

கேட்க வேண்டியவை: ஒரே 480 ஜிபி எஸ்எஸ்டியைப் பிரித்து இரண்டையும் போடலாமா, தனித்தனி டிஸ்க் வேண்டுமா? புது பில்ட் பூட்டே ஆகாமல் போனால் முந்தைய நிலைக்குத் திரும்ப எது சுருக்கமான வழி? கர்னல் பேனிக் ஆனால் (ஓஎஸ்ஸின் மையப்பகுதியான கர்னல் பிழையால் நின்றுபோனால்) அந்தத் தகவலை எப்படிப் பிடிப்பது? திரையைப் போட்டோ எடுத்துப் போடுவது சரியாகப் படவில்லை.

நாஞ்சில்_நிரல்:
ஓஎஸ் போடுறதுக்கு முன்னாடி பெட்டியைச் சந்தேகத்துக்கு இடமில்லாம ஆக்குங்க. பரிசோதனை பில்டில் எது உடைஞ்சாலும் முதல்ல வர்ற கேள்வி "இது மென்பொருளா, ஹார்டுவேரா?" என்பதுதான். பத்து வருஷம் தாண்டின பெட்டியில் அதுக்குப் பதில் உங்க கையில் இல்லைன்னா நீங்க எழுதுற புகாரை டெவலப்பர் நம்ப முடியாது.

முதல்ல சீமாஸ் பேட்டரி. சிஆர்2032 காசு பேட்டரி, இந்த வயசில் செத்திருக்கும், கேட்காம மாத்திடுங்க. அது செத்தா கடிகாரம் பழைய தேதிக்குப் போயிடும். அப்புறம் பேக்கேஜ் இறக்கும்போது "சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை"ன்னு டிஎல்எஸ் பிழை வரும், அதைப் பார்த்துட்டு நெட்வொர்க் ஸ்டாக் உடைஞ்சிருக்குன்னு தேடிக்கிட்டு இருப்பீங்க. பயோஸ் அமைப்பும் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் பழைய நிலைக்குப் போயிடும்.

அடுத்து ரேம். மெம்டெஸ்ட்86+ என்கிற ரேம் சோதனை நிரலை யூஎஸ்பியில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. 6ஆம் பதிப்புலேர்ந்து யூஈஎஃப்ஐயிலும் (பழைய பயோஸுக்குப் பதிலா வந்த பூட் முறை) ஓடும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்தக் குச்சி இந்தப் பெட்டிக்கு ஆகாது. இரண்டு குச்சி இருந்தா ஒவ்வொன்னா மாத்தி, ஸ்லாட்டையும் மாத்திப் பாருங்க. சில நேரம் குச்சி நல்லா இருக்கும், ஸ்லாட்டில் தூசிதான் பிரச்சினை.

டிஸ்க்குக்கு டெபியன் லைவ் யூஎஸ்பியில் பூட் பண்ணி டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்ற ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் முழு விவரம் எடுங்க. பார்க்க வேண்டியது மூணு எண். 5ஆம் வரிசை: மாற்றப்பட்ட செக்டர். 197: இன்னும் முடிவாகாம நிக்கிற செக்டர். இது ரெண்டும் பூஜ்ஜியமா இருக்கணும். 199 என்பது சிஆர்சி பிழை. இது ஏறிக்கிட்டே போனா டிஸ்க் மேல பழி போடாதீங்க, பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம். கேபிளை மாத்தினதும் எண் குறையாது, ஆனா ஏறுறது நின்னுடும். மாத்தின அன்னைக்கு இருந்த எண்ணைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

ஹீட்சிங்க்கைக் கழட்டி காய்ஞ்சுபோன பேஸ்ட்டைத் துடைச்சுட்டு புதுசு வைங்க. கர்னலோ எல்எல்விஎம் மாதிரி பெரிய மென்பொருளோ கம்பைல் ஆகும்போது நாலு கோரும் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடும். சூடு தாங்காம தானா அணையுற பெட்டியில் பில்ட் தோல்விக்கு அர்த்தமே கிடையாது. சின்னதா ஒரு யூபிஎஸ்ஸும் அவசியம். எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போய் ஃபைல்சிஸ்டம் கெட்டா, அதுக்கும் உண்மையான ஃபைல்சிஸ்டம் வழுவுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

பயோஸில் மாத்த வேண்டியது: சாட்டா முறை ரெய்டுன்னு இருக்கும், அதை ஏஹெச்சிஐ ஆக்குங்க. செக்யூர் பூட் அமைப்பு இருந்தா அணைச்சு வைங்க, ரெண்டு ஓஎஸ் லோடருக்கும் கையெழுத்து கிடையாது. பயோஸ் பதிப்பைக் கடைசிப் பதிப்புக்கு ஏத்திட்டு அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டி மேலயே ஒட்டிடுங்க. ஒவ்வொரு புகாரிலும் கேட்பாங்க. இன்னொன்னு, டெல் 2023இல் வேற ஒரு பெட்டிக்கும் அதே 7010 பெயரை வெச்சிருக்கு. புகாரில் வெறும் மாடல் பெயர் போதாது, பிராசசரையும் சேர்த்து எழுதுங்க.

செம்மண்:
டிஸ்க் பற்றி: தனித்தனியாகவே வையுங்கள். 120 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு போதும். ஒரே டிஸ்க்கில் போட்டால் இஎஃப்ஐ பகிர்வு (பூட் கோப்புகள் இருக்கும் டிஸ்க் பகுதி) பொதுவாகிவிடும், ஒன்றின் இன்ஸ்டாலர் தவறினால் இரண்டும் பூட் ஆகாது. பகிர்வு அட்டவணையைத் தொடும் குறியீடே சோதனையில் இருக்கிற பில்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஓஎஸ்ஸைக் குடிவைப்பது நியாயமில்லை. நிறுவும்போது மற்ற டிஸ்க்கின் சாட்டா கேபிளை உருவிவிட்டே நிறுவுங்கள். "கவனமாக இருப்பேன்" என்பது பாதுகாப்பு ஆகாது, உருவிய கேபிள்தான் பாதுகாப்பு.

ஹைக்குவுக்கு வருகிறேன். இந்தப் பெட்டிக்கு 64 பிட் பில்டை எடுங்கள். 32 பிட் பில்ட் ஹைக்குவின் முன்னோடியான பீஓஎஸ்ஸின் பழைய செயலிகளை ஓட்ட விரும்புவோருக்கு. எனிபூட் என்ற நிறுவல் இமேஜை இறக்கியதும், கோப்பு கெடாமல் வந்ததா என்று ஷா256 சரிபார்ப்பு, பிறகு டெபியனில் எல்எஸ்பிஎல்கே கட்டளை போட்டு யூஎஸ்பியின் பெயரை உறுதிசெய்துகொண்டு டிடி கட்டளையில் எழுதுங்கள். பிளாக் அளவு 4 எம், முடிவில் எஃப்சிங்க் தேர்வு கண்டிப்பாக. அது இல்லாவிட்டால் கட்டளை முடிந்தது போலத் தெரியும், தரவு இன்னும் மெமரியில்தான் இருக்கும், யூஎஸ்பியைப் பிடுங்கினால் பாதி இமேஜ். வென்டாய் போன்ற பல இமேஜ் ஏற்றும் கருவி வசதிதான், ஆனால் பூட் வழுவைத் தேடும்போது நடுவில் இன்னொரு அடுக்கு வேண்டாம்.

யூஈஎஃப்ஐயில் நிறுவுவதாக இருந்தால் டிஸ்க்கைப் பிரிக்கும் டிரைவ்செட்டப் கருவியில் ஜியுஐடி பகிர்வு அட்டவணை, சிறியதாக ஒரு ஃபேட்32 இஎஃப்ஐ பகிர்வு, மீதி முழுவதும் பிஎஃப்எஸ் (ஹைக்குவின் ஃபைல்சிஸ்டம்). நிறுவி முடித்ததும் மறுதொடக்கத்துக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இஎஃப்ஐ பகிர்வை மவுன்ட் செய்து, இஎஃப்ஐ அடைவுக்குள் பூட் அடைவு, அதற்குள் பூட்எக்ஸ்64 கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் யூஎஸ்பியில் உள்ள ஹைக்கு இஎஸ்பி பகிர்விலிருந்து அந்த அடைவை அப்படியே நகலெடுங்கள். "நிறுவினேன், பூட் ஆகவில்லை" என்று வருகிற கேள்விகளில் பாதி இதுதான். கோப்பு இருந்தும் டெல்லின் பூட் பட்டியலில் டிஸ்க் தெரியவில்லை என்றால், பயோஸுக்குள் பூட் ஆப்ஷன் சேர்க்கும் இடத்தில் அந்தக் கோப்பைக் கையால் காட்டிவிடலாம்.

முந்தைய நிலைக்குத் திரும்புவது ஹைக்குவில் அருமையாக அமைந்திருக்கிறது. ஒவ்வொரு முறை பேக்கேஜ்கள் மாறும்போதும் பழைய தொகுப்பு, சிஸ்டம் பேக்கேஜ் அடைவுக்குள் அட்மினிஸ்ட்ரேட்டிவ் என்ற இடத்தில் தேதியோடு ஸ்டேட் என்ற பெயரில் சேமிக்கப்படும். புது பில்ட் பூட் ஆகாவிட்டால், பூட் தொடங்கும்போது ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். யூஈஎஃப்ஐ என்றால் ஸ்பேஸ் பாரைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். பூட் லோடர் மெனு வரும். பூட் வால்யூம் தேர்வுக்குள் போனால் பழைய ஸ்டேட்கள் தேதிவாரியாக வரிசையில் நிற்கும், வேண்டியதை எடுத்துப் பூட் செய்யலாம். இதில் திரும்புவது பேக்கேஜ்கள் மட்டுமே. ஹோம் அடைவில் உள்ள செட்டிங்ஸ் திரும்பாது. புது பில்ட் ஒரு செட்டிங்ஸ் கோப்பின் வடிவத்தை மாற்றி எழுதியிருந்தால் பழைய பில்ட் அதில் தடுமாறக்கூடும்.

புதுப்பிப்புக்கு, பேக்கேஜ்களை நிர்வகிக்கும் பிகேஜிமேன் கட்டளையில் ஃபுல்-சிங்க். நிறுவியதை ரெப்பாசிட்டரியோடு அச்சாகப் பொருத்திவிடும், தேவைப்பட்டால் பதிப்பைக் கீழே இறக்கியும். "ஆம்" அழுத்துவதற்கு முன் எதையெல்லாம் நீக்கப்போகிறது என்ற பட்டியலை வாசியுங்கள். ரெப்பாசிட்டரி இரண்டும் (ஹைக்கு, ஹைக்குபோர்ட்ஸ்) மாஸ்டர் கிளையையே காட்டுகின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒன்று பீட்டாவிலும் மற்றது மாஸ்டரிலும் இருந்தால் வருகிற குழப்பம் வழு ஆகாது.

திரை கறுப்பாக நின்றால் இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவரைத்தான் முதலில் சந்தேகியுங்கள். அதே பூட் மெனுவில் சேஃப் மோட் தேர்வுகளுக்குள் ஃபெயில்-சேஃப் கிராஃபிக்ஸ் டிரைவர் இருக்கிறது. அதில் பூட் ஆனால் புகாரின் பாதி அப்போதே எழுதியாயிற்று.

கோர்டம்ப்:
ஃப்ரீபிஎஸ்டி பக்கம் நான் சொல்கிறேன். இன்ஸ்டாலரில் ஃபைல்சிஸ்டமாக ஆட்டோ இசட்எஃப்எஸ் எடுங்கள், யூஎஃப்எஸ் வேண்டாம். காரணம் ஒன்றே ஒன்று, பூட் என்விரான்மென்ட் (தனியாகப் பூட் செய்யக்கூடிய சிஸ்டம் நகல்). ஸ்வாப் 2 ஜிபி என்று காட்டும், அதை ரேம் அளவுக்கே 8 ஜிபி ஆக்குங்கள். கர்னல் விழும்போது டம்ப் (அந்த நேரத்துக் கர்னல் மெமரியின் நகல்) போகிற இடம் அதுதான். ஸ்வாப் என்கிரிப்ஷன் இந்தப் பெட்டியில் வேண்டாம்.

பலர் ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டத்தின் மேலேயே புது கர்னலைப் போடுகிறார்கள். அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். பீஈசிடிஎல் கட்டளையில் புது என்விரான்மென்ட் ஒன்றை உருவாக்குங்கள், பெயரில் தேதியை வையுங்கள். அதை எம்என்டியில் மவுன்ட் செய்து, கர்னலையும் வேர்ல்டையும் (கர்னல் தவிர்த்த அடிப்படைச் சிஸ்டம்), நிறுவும் இடத்தைச் சொல்லும் டெஸ்ட்டிர் மாறியில் அந்த இடத்தைக் கொடுத்து அதற்குள் நிறுவுங்கள். இன்ஸ்டால்வேர்ல்டுக்கு முன்னும் பின்னும், அமைப்புக் கோப்புகளைப் புதுப்பிக்கும் இடிசிஅப்டேட்டையும் அந்த இடத்தைக் காட்டியே ஓட்ட மறக்காதீர்கள். பிறகு ஆக்டிவேட் கட்டளையை டி தேர்வோடு கொடுங்கள். அடுத்த ஒரே ஒரு பூட் மட்டும் புதியதில் நடக்கும். பேனிக் ஆனாலும் உறைந்தாலும் பவர் பட்டனை அழுத்தி மறுபடி எழுப்பினால் தானாகவே பழையதில் வந்து நிற்கும். இரண்டு நாள் நன்றாக ஓடிய பிறகு டி இல்லாமல் ஆக்டிவேட் செய்து நிரந்தரமாக்கிக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டை உடைக்கக்கூடிய தவறு ஒன்று உண்டு. புது பில்டில் இசட்பூல் ஸ்டேட்டஸ் பார்த்தால், புதிய வசதிகள் கிடைக்கின்றன, பூலை (இசட்எஃப்எஸ்ஸின் மொத்தச் சேமிப்பிடம்) அப்கிரேட் செய்யலாம் என்று ஒரு வரி வரும். செய்யாதீர்கள். பூல் என்விரான்மென்ட்டுக்குள் இல்லை, எல்லாவற்றுக்கும் பொது. ஒருமுறை அப்கிரேட் ஆகிவிட்டால் பழைய கர்னலுக்கு அந்தப் பூலைத் திறக்கத் தெரியாது. இஎஃப்ஐ பகிர்வில் இருக்கிற பழைய லோடரும் திணறும், ஏனென்றால் லோடரும் என்விரான்மென்ட்டோடு மாறுவதில்லை. திரும்பும் வழி அங்கேயே அடைபட்டுவிடும்.

பேனிக் பற்றி. கரன்ட் கிளையின் ஜெனரிக் கர்னலில் விட்னஸ், இன்வேரியன்ட்ஸ் என்ற பிழை கண்டுபிடிக்கும் சோதனைகள் இரண்டும் இயங்கிக்கொண்டிருக்கும். அதனால் வேகம் குறைவு, கரன்டில் பெஞ்ச்மார்க் எடுத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. வேகம் பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஜெனரிக்-நோடீபக் கர்னல் இருக்கிறது. ஆனால் வழு தேடுகிறவருக்கு மெதுவான கர்னல்தான் தோழன்.

பேனிக் ஆனதும் கர்னல் டிடிபி என்ற டீபக்கருக்குள் போய் உத்தரவுக்குக் காத்திருக்கும். கிராஃபிக்ஸ் திரையில் இருந்தீர்கள் என்றால் அது கண்ணுக்குத் தெரியாது, பெட்டி உறைந்துவிட்டது போலத்தான் இருக்கும். கன்சோலில் (வெறும் எழுத்துத் திரை) இருந்தால் பிடி (bt) என்று தட்டி அழைப்பு அடுக்கைப் பாருங்கள், பிறகு டம்ப், பிறகு ரீசெட். ஆர்சி.கான்ஃப் அமைப்புக் கோப்பில் டம்ப்டெவ் ஆட்டோ என்று இருந்தால் அடுத்த பூட்டில் சேவ்கோர் நிரல் அதை எடுத்து வார் அடைவின் கிராஷ் பகுதிக்குள் போடும். ஆட்டோ இசட்எஃப்எஸ் அமைப்பில் அந்தப் பகுதி தனி டேட்டாசெட், என்விரான்மென்ட்டுக்கு வெளியே இருப்பது. அதனால் பழைய என்விரான்மென்ட்டுக்குத் திரும்பினாலும் டம்ப் அங்கே பத்திரமாக இருக்கும்.

ஆனால் பழையதில் இருந்துகொண்டு அந்த டம்ப்பைத் திறந்தால் குறியீட்டுப் பெயர்கள் பொருந்தாது. விழுந்தது புது கர்னல், டீபக் கோப்பும் அதனுடையதாக இருக்க வேண்டும். புது என்விரான்மென்ட்டை மவுன்ட் செய்து, அதற்குள் இருக்கிற கர்னல் டீபக் கோப்பைக் காட்டி, கேஜிடிபி என்ற கர்னல் டீபக்கரை ஓட்டுங்கள். கேஜிடிபி, ஜிடிபி பேக்கேஜோடு வருகிறது.

கிராஃபிக்ஸுக்கு டிஆர்எம்-கேமாட் என்ற டிரைவர் பேக்கேஜைப் போட்டால் அது கர்னலோடு ஒத்துப்போக வேண்டும். கர்னலை மட்டும் ஏற்றிவிட்டுப் பழைய மாட்யூலை விட்டால் பூட்டிலேயே பேனிக் வரும், அது கர்னல் வழு அல்ல. சிங்கிள் யூசரில் போய் ஆர்சி.கான்ஃப்பில் இன்டெல் கிராஃபிக்ஸ் மாட்யூலை ஏற்றும் ஐ915 வரியைக் கமென்ட் ஆக்கிவிட்டுப் பூட் செய்து, மாட்யூலைப் புது கர்னலுக்கு மறுபடி கட்டுங்கள்.

வெட்டாறு:
மிக்க நன்றி. இவ்வளவு தெளிவாக எங்கும் கிடைக்கவில்லை. கன்சோல் பற்றி ஒன்று. பேனிக் செய்திகளை மடிக்கணினியில் பிடிக்க, 7010 பின்பக்கம் சீரியல் போர்ட் இருக்கிறது. என்னிடம் ஆர்டினோ வேலைக்கு வாங்கிய யூஎஸ்பி-டிடிஎல் பலகை, நாலு பின் வெளியே நிற்குமே அது, இருக்கிறது. அதிலிருந்து இதற்கு வயர் இழுக்கலாமா?

நாஞ்சில்_நிரல்:
கூடவே கூடாதுங்க! அந்தப் பலகை 3.3 அல்லது 5 வோல்ட். பெட்டிக்குப் பின்னாடி இருக்கிறது ஆர்எஸ்-232, அதில் மைனஸிலும் பிளஸிலும் மாறி மாறி 12 வோல்ட் வரைக்கும் வரும். மாட்டினா பலகை போயிடும். வேற வழியில்லைன்னா நடுவில் மேக்ஸ்3232 சிப் இருக்கிற மாற்றிப் பலகை வேணும்.

நேர்வழி: ஒன்பது பின் ஆண் முனை இருக்கிற யூஎஸ்பி-ஆர்எஸ்232 கேபிள் ஒன்னு, ரெண்டு பக்கமும் பெண் முனை உள்ள நல்மோடம் கேபிள் ஒன்னு. சாதாரண நேர் கேபிள் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். மல்டிமீட்டரில் தொடர்ச்சி வெச்சுப் பாருங்க. ஒரு பக்கம் 2ஆம் பின், மறுபக்கம் 3இல் ஒலிக்கணும். 3 போய் 2இல் ஒலிக்கணும். 5க்கு 5. அப்படின்னாதான் நல்மோடம். 2க்கு 2ன்னு ஒலிச்சா அது நேர் கேபிள், திரையில் ஒரு எழுத்து வராது.

மடிக்கணினியில் பிகோகாம் (சீரியல் செய்திகளைக் காட்டுற நிரல்), வேகம் 115200, லாக் கோப்பு தேர்வோட திறந்து வைங்க. லாக் கோப்பு ரொம்ப முக்கியம், டெர்மினல் ஸ்க்ரோலை நம்பாதீங்க. ஃப்ரீபிஎஸ்டியில் லோடர்.கான்ஃப்பில் பூட் மல்டிகான்ஸ் ஆம், பூட் சீரியல் ஆம், காம்கன்சோல் வேகம் 115200, கன்சோல் என்பதில் காம்கன்சோலும் இஎஃப்ஐயும் காற்புள்ளி போட்டு. பயோஸ் பூட்னா இஎஃப்ஐக்குப் பதிலா விட்கன்சோல். எழுத்து குப்பையா வந்தா ரெண்டு பக்க வேகமும் ஒத்துப்போகலைன்னு அர்த்தம். பழைய வெளியீடுகளில் இயல்பு வேகம் 9600ஆ இருந்தது, 14இலேர்ந்துதான் 115200.

செம்மண்:
ஹைக்குவில் கர்னல் செட்டிங்ஸ் கோப்பில் சீரியல் டீபக் அவுட்புட்டை இயக்கலாம், அல்லது ஒருமுறைக்கு மட்டும் பூட் மெனுவின் டீபக் தேர்வுகளில். கர்னல் விழுந்தால் கேடிஎல் என்ற திரை வரும். அதிலும் பிடி என்பதே அழைப்பு அடுக்கு. கேடிஎல்லில் யூஎஸ்பி விசைப்பலகை சில நேரம் பதில் சொல்லாது. 7010இல் பிஎஸ்2 போர்ட் இருக்கிறது, பழைய பிஎஸ்2 விசைப்பலகை ஒன்றை மாட்டியே வையுங்கள்.

சீரியல் கேபிள் வந்து சேரும்வரை இன்னொரு வழி உண்டு. கேடிஎல் வந்த பிறகு மின்சாரத்தை அணைக்காமல் ரீபூட் மட்டும் செய்யுங்கள். பூட் மெனுவின் டீபக் தேர்வுகளில் முந்தைய அமர்வின் சிஸ்லாக்கை (சிஸ்டம் பதிவு) சேமி என்ற தேர்வு இருக்கும். ரேமில் எஞ்சிய லாக்கை அது கோப்பாக எழுதித் தரும். மின்சாரத்தை அணைத்தால் ரேமோடு அதுவும் போய்விடும்.

இரவுக்கட்டு:
இவ்வளவு எதற்கு, கியூஎம்யூ போன்ற வர்ச்சுவல் கணினியில் ஓட்டினால் ஸ்னாப்ஷாட்டும் உண்டு, சீரியல் லாக்கும் கோப்பாகவே வருமே?

கோர்டம்ப்:
வர்ச்சுவலில் முதலில் ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம், அங்கேயே பூட் ஆகாத பில்டை இந்தப் பெட்டிக்குக் கொண்டுவரத் தேவையில்லை. ஆனால் கியூஎம்யூவில் இருக்கிற விர்ட்ஐஓ என்ற போலி டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் எல்லா டெவலப்பரும் தினமும் ஓட்டுகிறார்கள். ஏஹெச்சிஐ, இன்டெல் ஈதர்நெட், தூக்கமும் விழிப்பும், யூஎஸ்பி ஹப், கிராஃபிக்ஸ் டிரைவர் இவை உண்மைப் பெட்டியில்தான் வெளிப்படும். திட்டங்களுக்குக் கிடைக்காத தகவலும் அதுதான்.

நெட்வொர்க்குக்கு ஈதர்நெட் கேபிள் மட்டும் போடுங்கள், வைஃபை சோதனை தனி. ரவுட்டரில் விருந்தினர் நெட்வொர்க் இருந்தால் அதில் விடுங்கள். உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவி, உலாவியின் கடவுச்சொல் எதுவும் இந்தப் பெட்டிக்குள் போகக்கூடாது. டம்ப் கோப்பில் கர்னல் மெமரி முழுவதும் இருக்கும், அதை ஒருநாள் இன்னொருவருக்கு அனுப்ப வேண்டிவரும்.

செம்மண்:
புகார் எழுதும்போது: ஹைக்குவில் ஹெச்ரெவ் எண் (பில்டின் அடையாள எண்), லிஸ்ட்டெவ் கட்டளை தரும் ஹார்டுவேர் பட்டியல், முழு சிஸ்லாக் கோப்பு. துண்டாக வெட்டி ஒட்டாதீர்கள், காரணம் பெரும்பாலும் பிழை வரிக்கு நூறு வரி மேலே இருக்கும். ஃப்ரீபிஎஸ்டி என்றால் யூநேம் கட்டளை தருகிற முழு வரி, மூலக் குறியீட்டின் எந்த நிலை என்று காட்டும் கிட் ஹாஷ் அதில் இருக்கிறது. பக்ஸில்லா என்ற வழுப் பதிவுத் தளத்தில் பதிவதற்கு முன் மூலக் குறியீட்டில் உள்ள அப்டேட்டிங் கோப்பின் மேல் பகுதியை வாசித்துவிடுங்கள், "இந்தத் தேதிக்குப் பிறகு இதைச் செய்யாவிட்டால் உடையும்" என்று அங்கே எழுதியிருக்கும்.

எந்த பில்டில் கடைசியாகச் சரியாக இருந்தது என்று சொல்ல முடிந்தால் புகாரின் மதிப்பே வேறு. நல்ல பில்டுக்கும் கெட்ட பில்டுக்கும் இடையே 64 மாற்றம் இருந்தால் பாதி பாதியாகப் பிரித்து ஆறு பூட்டில் குற்றவாளி மாற்றத்தைப் பிடித்துவிடலாம். அதற்காகவே வேலை செய்த கடைசி இமேஜை மடிக்கணினியில் ஹெச்ரெவ் எண்ணோடு சேமித்து வையுங்கள், சர்வரில் பழையவை எப்போதும் இருக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

வெட்டாறு:
பேட்டரி, நல்மோடம் கேபிள், 120 ஜிபி இரண்டு, பிஎஸ்2 விசைப்பலகை. பட்டியல் எழுதியாயிற்று. இன்றிரவு மெம்டெஸ்ட் ஓட விடுகிறேன், முடிவை இங்கேயே போடுகிறேன்.